உறுதி எங்கே?

காணி எங்களுடையது என்கிறோம். பாட்டன் வேலியடைத்தது, தந்தை உழுதது என்கிறோம். நீதிமன்றம் கேட்பதோ ஒன்றே: உறுதி எங்கே?

இந்தக் கேள்வியின் முன் தீவக மக்கள் இன்னும் எத்தனை காலம் வாயடைத்து நிற்பது? 1990களின் தொடக்கத்தில் வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் வெறிச்சோடின. உயிரைக் கையிற் பிடித்து ஓடியவன் பெட்டகத்தையா சுமந்து சென்றான்? 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வு எஞ்சியதையும் சிதறடித்தது. இன்று ஒரே காணியின் பங்காளருள் ஒருவர் லண்டனில், ஒருவர் டொறொன்றோவில். உறுதியோ சட்டத்தரணியின் அலுமாரியில், கறையானுக்கு விருந்தாய்!

நெடுந்தீவு விவசாயி படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தேறி ஊர்காவற்றுறை நீதிமன்றம் வருகிறான். வழக்குக் கட்டில் ஒரு தாளைக் காணோம். மறுதவணை! அவன் இழந்த நாளுக்கு யார் பொறுப்பு?

வழக்குப் பத்திரங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக் காக்க வேண்டும் என்றால், "சட்டம் ஏற்காதே" எனக் கைவிரிப்போர் உளர். 1840இன் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசு உறுதியையே கேட்கிறது. 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் காணி விற்பனையை விலக்கியே வைத்திருக்கிறது. உண்மை! மின்பிரதி உறுதியாகாது. ஆனால் உறுதியிருக்கும் இடத்தை அது காட்டித் தருமன்றோ? நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கிறது. உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவேட்டுப் பக்கம் ஆகிய நான்கும் கையிலிருந்தால் அங்கே அத்தாட்சிப் பிரதி கோரலாம். நான்கும் தெரியாதவன் எதைக் கோருவான்? கணினிச் சாட்சியத்துக்கும் 1995இன் 14ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்துள்ளது; விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சட்டம் அறிந்தோரே இதைச் சொல்லாதிருப்பது முறையா?

2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி, வடக்கின் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோர மூன்றே மாதம் தந்தது. உயர் நீதிமன்றின் இடைக்காலத் தடை அதன் வேகத்தை நிறுத்தியது. தடை வராதிருந்தால்? கடல் கடந்து சிதறிய குடும்பம் மூன்று மாதத்துக்குள் எந்தத் தாளை எங்கே தேடியிருக்கும்?

ஆகவே சட்டத்தரணிகளைக் கேட்கிறோம். வழக்குரை, மறுமொழி, நில அளவைப் படம், உறுதி, கட்டளை அனைத்தையும் திகதி வரிசையில் மின்பிரதியாக்குங்கள். தமிழில் பெயரிடுங்கள். ஒரு பிரதி அலுவலகத்தில், மற்றொன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்த செல்வத்தின் கதி யாதென 1981இல் எரிந்த யாழ் நூலகம் சொல்லவில்லையா? கட்சிக்காரனின் இரகசியம் தரகர் கைக்குப் போகாதபடி பூட்டி வையுங்கள். அவனுக்குரிய பிரதியை அவனிடமே கொடுங்கள். கைபேசியில் எடுத்த மங்கற்படம் கோவையாகாது!

விவசாயிகளே! உறுதியைப் பெட்டியில் பூட்டினால் மட்டும் காணி காக்கப்பட்டுவிடாது. அடுத்த தவணைக்குமுன் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்: "என் கட்டின் மறுபிரதி எங்கே?" விடை கிடைக்கும்வரை அவர் வாசலை விட்டு நகராதீர்கள்!