சிசியைக் கூட்டும் முன் கணக்கைப் போடுங்கள்

இந்த வாரம் இரண்டு கடிதங்கள். இரண்டும் பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் பற்றியவை. ஈப்போ வாசகரிடம் இருப்பது அப்பா விட்டுச்சென்ற 1300. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறினால் இரண்டாம் கியரிலேயே திணறுகிறதாம். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்களாம். கிள்ளான் வாசகரிடம் இருப்பது 1600. எண்ணெய் ஒழுகுவதால் எஞ்சினை எப்படியும் இறக்க வேண்டும். “அப்படியே 1641 சிசி செட் போட்டுவிடலாம், செலவு குறைவு” என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். இருவர் கேள்வியும் ஒன்றுதான்: கையில் பணம் அதிகம் இல்லை, சிசியைக் கூட்டலாமா?

ஈப்போவுக்கு என் பதில்: தாராளமாக. கிள்ளானுக்கு: அந்த செட் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

காற்றால் குளிரும் இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் தனித்தனித் துண்டுகள். சிலிண்டரின் உள் அகலமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் சேர்ந்ததுதான் சிசி. 1300, 1500, 1600 மூன்றிலும் பிஸ்டன் ஓடும் தூரம் ஒன்றே, 69 மில்லிமீட்டர். அகலம்தான் மாறுகிறது: 1300-இல் 77 மி.மீ., 1600-இல் 85.5 மி.மீ. தண்ணீர்ச் சுற்று இல்லாததால், பழைய சிலிண்டரைக் கழற்றி அகலமானதை மாட்டினால் சிசி கூடிவிடும். இந்த வசதிதான் பலரையும் ஆசை காட்டி இழுக்கிறது.

முதலில் ஈப்போ. உங்கள் 1300-இன் கேஸில் 1600-இன் சிலிண்டர்கள் கடைசல் வேலை இல்லாமலே உட்காரும். ஹெட் மட்டும் பொருந்தாது. ஒன்று 1600-இன் ஹெட் வாங்க வேண்டும், அல்லது இருக்கும் ஹெட்டை லேத்தில் கொடுத்து அகலப்படுத்த வேண்டும். இரட்டைத் துவார ஹெட் வாங்கினால் அதற்கேற்ற இன்டேக் மேனிபோல்டும் தேவை. கடையில் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவில் 1285 சிசி 1584 ஆகிறது. 23 சதவீதம் கூடுதல், மலையில் நன்றாகவே தெரியும். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி 70 ரிங்கிட்டிலிருந்து 90 ரிங்கிட் ஆகும், அவ்வளவுதான். எல்லாமே வோக்ஸ்வேகனே வடிவமைத்த அளவு என்பதால் ஆயுளும் குறையாது. (உங்களிடம் 1200 இருந்தால் இது பொருந்தாது. அதில் பிஸ்டன் ஓடும் தூரம் 64 மி.மீ., கிராங்கே வேறு.)

இனி கிள்ளான். 1641 செட் என்பது 87 மி.மீ. சிலிண்டர். கேஸையும் ஹெட்டையும் கடையாமல் அப்படியே நுழைய வேண்டும் என்பதற்காக, வெளி அளவை மாற்றாமல் உள்ளே மட்டும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் சுவர் மெலிந்துவிட்டது. சூட்டில் மெல்லிய சுவர் வட்டம் மாறும், பிஸ்டன் வளையம் சரியாக ஒட்டாது, எண்ணெய் குடிக்கும். இத்தனைக்கும் கிடைப்பது 57 சிசி, 3.6 சதவீதம். உங்கள் கால் அதை உணராது.

ஆனால் பர்ஸ் உணரும். 1600 சிசி வரை சாலை வரி 90 ரிங்கிட். அதைத் தாண்டியதும் 200 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 1641-க்கு வருவது 216 ரிங்கிட் 40 காசு. 57 சிசிக்காக ஆண்டுக்கு 126 ரிங்கிட் 40 காசு கூடுதல். ஐந்து ஆண்டில் 632 ரிங்கிட். “செலவு குறைவு” என்றவர் இந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை.

பெரிதாக்கியே தீர வேண்டும் என்றால் 90.5 மி.மீ. சிலிண்டர் போட்டு 1776 சிசி ஆக்குங்கள். 12 சதவீதம் கூடுதல். சாலை வரி 270 ரிங்கிட் 40 காசு. இந்தச் சிலிண்டரின் சுவர் தடிப்பாக இருக்கும், நீடிக்கும். ஆனால் கேஸை முழுவதும் பிரித்து, கேஸையும் ஹெட்டையும் கடைய வேண்டும். செட்டின் விலையைப் போலவே கடைசல் கூலியும் கனக்கும். அதற்குப் பணம் இல்லையென்றால் 85.5 புதுச் செட் போட்டு 1600-ஆகவே விடுங்கள். தேய்ந்த எஞ்சினைப் புதிதாக்கினாலே, காணாமல் போன சக்தியில் பெரும்பங்கு திரும்பிவிடும்.

எந்த வழியானாலும், பொருள் வாங்கும் முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் பெல்ட் ஓடும் பெரிய புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 0.15 மி.மீ.க்கு மேல் போனால் பேரிங்கும், சில சமயம் கேஸும் தேய்ந்திருக்கும். அந்தக் கேஸின் மேல் புதுச் சிலிண்டர் போடுவது, கறையான் அரித்த தூணின் மேல் மாடி எழுப்புகிற வேலை.

பட்டறையில் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். அகலம் கூடினால் கம்ப்ரஷனும் கூடும். பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும் ஹெட்டின் குழிவையும் அளந்து கணக்கிட்ட பிறகே மூட வேண்டும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஜெட்டில் பெட்ரோல் போதாமல் போனால் எஞ்சின் சூடேறும். மூன்றாவது, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் பட்டையும் ஒன்றுகூட விடுபடக் கூடாது. எஞ்சின் பெரிதானாலும் காற்றாடி பழையதுதான். ரப்பர் இல்லையென்றால் அடியில் வெளியேறிய சூட்டுக் காற்றையே அது திரும்ப இழுக்கும். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் அதன் பலன் தெரிந்துவிடும்.

சிசி மாறினால் ஜேபிஜே அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். “வெளியே பார்த்தால் யாருக்குத் தெரியும்” என்பார்கள். விபத்து நடந்து, இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் தெரிய வரலாம். பிள்ளைகள் ஏறும் காரில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

ஈப்போ தம்பிக்கு இன்னொரு வார்த்தை. கழற்றிய 1300 சிலிண்டர்களையும் பிஸ்டன்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, எந்தச் சிலிண்டர் எந்த எண் என்று எழுதி, பெட்டியில் வையுங்கள். அப்பா ஓட்டிய எஞ்சினை அதே அளவில் மறுபடி பூட்ட வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளுக்கு ஒருநாள் தோன்றலாம்.

அடுத்த வாரம்: பழைய காருக்கு எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?