மெக்கோவனும் ஸ்மித்தும்

அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுவோர் 1922 ஜூன் 30-ஐ நொந்துகொள்ளாமல் இருப்பதில்லை. அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளோ அதற்கு முன்பே அரசால் அழிக்கப்பட்டவை. (பழி முழுவதும் நெருப்பின்மீதே விழுந்துவிட்டது.) முழுமையாக எஞ்சியவற்றுள் பழையது 1901-ஆம் ஆண்டினுடையது.

இந்த வெற்றிடத்தை டி.என்.ஏ. சோதனை நிரப்பிவிடும் என்பது மிகையான நம்பிக்கை. இருவர் பகிரும் மரபுப்பகுதியின் அளவையே சோதனை காட்டும். பொது மூதாதையின் பெயரைக் காட்டாது. பாட்டனின் பாட்டன் ஒருவரேயான இருவரிடையே பொதுப்பகுதி சிறிதும் தென்படாமற் போவதும் உண்டு.

பெயருக்கு ஏடுகளிடமே திரும்ப வேண்டும். அங்கே காத்திருப்பது மொழிச் சிக்கல். கொல்லனின் மகன் எனப் பொருள்படும் ஐரியக் குடும்பப்பெயர் ஓரிடத்தில் மெக்கோவன் என ஒலிபெயர்ந்தது. கேவன் கவுண்டியிலோ பெரிதும் ஸ்மித் என மொழிபெயர்ந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் பல இலத்தீனில் உள்ளமையால் ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ் ஆகிறார். சோதனைப் பட்டியலில் ஸ்மித்தைக் கண்டதும் அயலாரென ஒதுக்கும் மெக்கோவன், தம் பங்காளியையே ஒதுக்கிவிடக்கூடும்.

கிரிஃபித் நிலமதிப்பீடு (1847–1864) குடியிருந்தோரை டவுன்லேண்ட் எனும் சிற்றெல்லை வாரியாகப் பதிந்துள்ளது. குடும்பப்பெயரைப் போல அவ்வெல்லை எளிதில் உருமாறுவதில்லை. எனவே, பொருந்தியோர் பட்டியலைக் குடும்பப்பெயர்வழி அடுக்காமல் ஊர்வழி அடுக்குவதே தகும்.