விளக்கத்தால் மெலிந்த ஹானிபல்

முன்கதைப் படங்கள், அதாவது புகழ்பெற்ற படத்துக்குப் பின்னர் எடுக்கப்பட்டு அதற்கு முந்தைய நிகழ்வுகளைச் சொல்பவை, பாத்திரத்தை ஆழப்படுத்துகின்றன என்று வாதிடுவோர், காரணம் தெரிவதையும் ஆழம் கூடுவதையும் ஒன்றெனக் கொள்கின்றனர். 1991இல் வெளிவந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்த, மனிதரைக் கொன்று தின்னும் கொலைகாரன் ஹானிபல் லெக்டர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அசையாமல் நின்றபடி, எதிரே வந்த பயிற்சி அதிகாரியின் கைப்பையையும் காலணியையும் வைத்தே அவளுடைய பிறப்பு வளர்ப்பைச் சொல்லிவிடுகிறான். அவனுடைய கடந்த காலமோ எவருக்கும் பிடிபடுவதில்லை என்பதே அங்கே அச்சத்தின் ஊற்று. 2007இல் வந்த 'ஹானிபல் ரைசிங்', இரண்டாம் உலகப் போரின்போது லித்துவேனியாவில் அவனுடைய தங்கையைக் கொன்று தின்றவர்களைக் காட்டி, அந்த அச்சத்தைப் பழிவாங்கும் கதையாகச் சுருக்கிவிட்டது. நாவலாசிரியர் தாமஸ் ஹாரிஸே அதன் திரைக்கதையை எழுதியதால், படைத்தவருக்கு அந்த உரிமை உண்டு என்பர். உரிமை உண்டுதான், பலன்தான் இல்லை. 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை (1974) எதிர்ச்சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அதில் மாஃபியா தலைவன் விட்டோவின் இளமை, மகன் மைக்கேலின் வீழ்ச்சியோடு மாறி மாறிக் காட்டப்படுவதால், மகனை எடைபோடும் அளவுகோலாகவும் அமைகிறது. 'ஹானிபல் ரைசிங்' படத்தில் அப்படி இணைத்துப் பார்க்க எதுவும் இல்லை.