ஓய்வுக்குப் பிந்தைய பதினெட்டு ஆண்டுகள்

நான் வசிக்கும் கொருக்குப்பேட்டையில் ‘ஓய்வு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ மின்வாரியத்திலோ பணியாற்றியவருக்கு அது ஒரு தேதி. அன்று மாலை அணிவித்து வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குபவருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் அப்படியொரு தேதி கிடையாது. உடல் மறுக்கும் நாளே அவர்களின் ஓய்வு நாள். முதுமையில் மனநிறைவு காண்பது குறித்த நம் அறிவுரைகள் பெரும்பாலும் முதல் பிரிவினருக்காகவே சொல்லப்படுகின்றன.

இது இனி சிறிய பிரச்னை அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. அறுபதை எட்டும் இந்தியர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். முப்பது ஆண்டுகள் பணியாற்றியவருக்கு இது பணிக்காலத்தில் பாதிக்கும் மேல். 1889இல் ஜெர்மனி முதியோர் ஓய்வூதியத்தைச் சட்டமாக்கியபோது தகுதி வயது 70. அந்த வயதை எட்டியவர்களோ சிலர். ஓய்வு என்ற ஏற்பாடு, குறுகிய முதுமைக்காக வகுக்கப்பட்டது. நமக்கு வாய்த்திருப்பது நீண்ட முதுமை.

வேலை மனிதனுக்கு மூன்றைத் தருகிறது: கூலி, கூட்டாளிகள், தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு. ஓய்வூதியம் முதலாவதை மட்டுமே ஓரளவு ஈடுசெய்கிறது. மற்ற இரண்டின் இழப்பை வடசென்னை நன்கறியும். 1996இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டபோதும், 2017இல் எண்ணூர் அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டபோதும் போனது சம்பளம் மட்டுமில்லை. ‘எங்கே வேலை?’ என்ற கேள்விக்கான பதிலே இங்கு ஒருவரின் அறிமுகம். அந்தப் பதில் இல்லாதவர் தன் தெருவிலேயே அந்நியராகிறார்.

முதுமையில் புதிய பொறுப்பை ஏற்பது நமக்குப் புதிதன்று. 1860இல் பிறந்த சிங்காரவேலர் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தபோது அறுபதைக் கடந்திருந்தார். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடியபோது அவருக்கு 63 வயது. 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றபோது 68. இன்று சென்னை ஆட்சியர் அலுவலக மாளிகை தாங்கியிருக்கும் அவரது பெயர், பெருமளவில் அறுபதுக்குப் பிறகு ஈட்டப்பட்டது.

ஆனால், சிங்காரவேலருக்குச் சோற்றுக்கவலை இருந்ததில்லை. எனக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. அதனால்தான் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தர முடிகிறது. அவர்களுடைய கேள்விகள் என் நாள்களுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. இதே ஊரில் முதியோர் உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 1,200 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 40 ரூபாய். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயாகவே நிற்கிறது. இவ்வளவில் வாழ்பவரிடம் வாழ்வின் அர்த்தத்தைத் தேடச் சொல்வது, பசித்தவனிடம் உபவாசத்தின் பெருமையைப் பேசுவதற்கு ஒப்பாகும். விலைவாசியோடு இணைந்து உயரும் ஓய்வூதியமே மனநிறைவின் முதல் படி.

இரண்டாவது படிக்கு ஜப்பான் ஒரு வழி காட்டுகிறது. 1970களின் நடுவில் டோக்கியோவில் தொடங்கி, 1986இல் சட்ட ஏற்புப் பெற்ற ‘வெள்ளி மனிதவள மையங்கள்’ முதியோரை உறுப்பினர்களாகச் சேர்த்து, தோட்டப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு, எழுத்துப்பணி போன்ற இலகுவான வேலைகளை வட்டார அளவில் பகிர்ந்தளிக்கின்றன. வாரத்தில் சில மணி நேர உழைப்பு, அதற்கொரு தொகை, கூடவே தோழமை. இந்தியாவிலும் முதியோர் மறுவேலைவாய்ப்புக்கென ஒரு இணையதளம் 2021இல் தொடங்கப்பட்டது. ஆயின் கைப்பேசியில் படிவம் நிரப்பத் தயங்கும் முதியவருக்குத் தேவை இணையதளம் அன்று; நடந்துசெல்லும் தொலைவில் ஒரு மேசையும், பெயரைக் குறித்துக்கொள்ள ஓர் ஆளும்.

நகர்ப்புறப் பகுதி சபைகளுக்கு 2022இல் தமிழக அரசு விதிகள் வகுத்துள்ளது. அச்சபைகளின் வழியே வார்டுதோறும் முதியோரின் திறன்களைப் பதிவுசெய்யலாம். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஐடிஐ மாணவருக்குக் கைத்திறன் கற்பிக்கலாம். முன்னாள் எழுத்தர் ஓய்வூதிய விண்ணப்பங்களை எழுதித் தரலாம். இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, நிரப்பவேண்டிய பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு முதியோரை மலிவான மாற்றாக்கக் கூடாது. அது இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதி. இரண்டாவது, பேரக்குழந்தைகளை வளர்ப்பதும் அடுப்படியைக் காப்பதுமாக ஒருநாளும் ஓய்வே பெறாத பெண்களுக்குப் புதிய கடமையைவிடக் கொஞ்சம் நேரமே தேவை. பகல்நேரக் குழந்தைக் காப்பகம் பாட்டிகளுக்கான நலத்திட்டமும்கூட.

வருமானம் உறுதியான பிறகு உழைப்பு விருப்பமாக மாறுகிறது. விருப்ப உழைப்பே முதுமைக்கு மனநிறைவு தருகிறது. அந்த விருப்பம் ஓய்வூதியப் புத்தகம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கும்வரை, மூட்டை இறக்கும் முதியவருக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகள் கூடுதல் சுமையாகவே நீளும்.