ஒற்றைக் கம்பனிச் சார்பு

வலையமைப்பொன்றின் கணனிகள் யாவும் வெளியுலகை அடைவது வழிப்படுத்தி (ரூட்டர்) ஒன்றின் ஊடாகவே. அது செயலிழப்பின் அனைத்தும் முடங்கும். இவ்வொற்றைச் சார்பை ஒழிக்கவே மாற்றுக்காப்பு நெறிமுறைகள் தோன்றின. வழிப்படுத்திகள் இரண்டு ஒரே முகவரியைத் தாங்கி நிற்கும். ஒன்று வீழின் மற்றையது பொறுப்பேற்கும்.

சிஸ்கோ கம்பனியின் எச்.எஸ்.ஆர்.பி. இத்துறையின் முன்னோடி என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அதன் விவரம் 1998இல் தகவலாக மட்டுமே வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் வி.ஆர்.ஆர்.பி. பொது நியமமாக முன்வைக்கப்பட்டது.

தனியுடைமை நெறிமுறையே திறன் மிக்கது என வாதிடுவோர் உளர். இவ்வாதம் ஆதாரமற்றது. இயல்பான அமைப்பில் எச்.எஸ்.ஆர்.பி. மாற்றத்துக்குப் 10 செக்கன் காத்திருக்கும், வி.ஆர்.ஆர்.பி.க்கு 4 செக்கனுக்கும் குறைவே போதும். இரண்டையும் மேலும் விரைவுபடுத்தலாம் எனின், தனியுடைமையின் தனிச்சிறப்பு யாது?

எனினும் நியமம் என்ற பெயர் மட்டும் போதுமானதன்று. வி.ஆர்.ஆர்.பி. தனது காப்புரிமைக்குள் அடங்குமெனச் சிஸ்கோ உரிமை கோரியது. அதனாலேயே ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் கார்ப் எனும் கட்டற்ற நெறிமுறையை ஆக்கி, 2004இல் தமது 3.5ஆம் பதிப்பில் வெளியிட்டனர். ஏட்டிலே பொதுவாகவும் சட்டத்திலே தனியுடைமையாகவும் இருப்பது அரைகுறை நியமமே.

ஒரு கருவியை மட்டும் நம்ப அஞ்சி இரண்டாவதை வாங்குவோர், அவ்விரண்டுக்கும் ஒரே கம்பனியை மட்டும் நம்பியிருத்தல் பெரும் முரண்பாடாகும். கருவி பழுதுபடின் செக்கன்களில் மாற்று வரும். கம்பனி விலையை உயர்த்தினால் மாற்று எங்கிருந்து வரும்?