நிரலுக்கும் வேண்டும் நூற்பா நெறி

நூல் என்னும் சொல்லுக்குப் பவணந்தியார் நன்னூலில் இரண்டு ஒப்புமைகள் காட்டினார். ஒன்று, பஞ்சிலிருந்து திரிக்கும் இழை. மற்றொன்று, மரத்தின் கோணலை நீக்க உதவும் தச்சனின் நூல். நூற்பாலைகள் மிகுந்த இராசபாளையத்தார்க்கும், 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகத்தைப் போற்றும் திருவில்லிபுத்தூரார்க்கும் இவற்றை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவ்வூர் மாணாக்கர் பயிலும் கணினிப் பாடத்தில் மட்டும் அந்நூல்நெறி ஏன் நுழையவில்லை?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் பைத்தான் என்னும் நிரல்மொழி இடம்பெற்றுள்ளது. எவ்வரி எதற்கு அடங்கியது என்பதை அம்மொழியில் வரித்தொடக்கத்து உள்தள்ளலே முடிவு செய்கிறது. உள்தள்ளலை இடைவெளியாலும் இடலாம். தத்தல் விசையாலும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் வெற்றிடமே. கணினிக்கோ தத்தலின் குறியெண் 9. இடைவெளியின் குறியெண் 32. இரண்டையும் முறையின்றிக் கலந்தால் பைத்தானின் மூன்றாம் பதிப்பு நிரலை ஏற்க மறுத்துவிடும்.

ஒன்றை மற்றொன்றாக்கும் நிரலை ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுத்தெண்ணிக்கையைக் குறைப்பதையே ஆட்டமாகக் கொண்டோரும் உலகில் உளர். ஆனால், ஒவ்வொரு தத்தலுக்கும் எட்டு இடைவெளி என்று எழுதிய நிரல் சுருங்கியது, செம்மையானதன்று. தத்தல் என்பது எட்டு இடம் அன்று. எட்டின் அடுத்த மடங்குவரை தாவுதல். இரண்டு இடைவெளிக்குப்பின் வரும் தத்தல் ஆறிடமே நிரப்பும். அதுவரை சென்ற இடங்களை எட்டால் வகுத்து, மீதியை எட்டிலிருந்து கழிக்க வேண்டும். மேற்கோட் குறிக்குள் நிற்கும் தத்தலை மாற்றினால் பொருளே மாறும். 'மேக்' என்னும் கருவியின் கட்டளை வரிகளிலோ தத்தல் நின்றே ஆகவேண்டும்.

நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருக்கத்தை அடுத்து விளக்கத்தை வைத்தனர் நம் முன்னோர். விளக்கமற்ற சுருக்கம் குறைபாடே. அவ்விளக்கம் எம்மொழியில் பிறக்கும்? தாவுதல் என்னும் வினையைத் 'தத்தல்' என்னும் சொல்லே தன்னுள் தாங்கி நிற்கிறது. தவளை தத்துவதைக் கண்ட சிற்றூர்ப் பிள்ளைக்கு அதனைத் தனியே விளக்க வேண்டுமோ? அதே கருத்தை ஆங்கிலச் சொல்லால் நெட்டுருப் போட்ட மாணவனோ, பிறர் எழுதிய ஒற்றை வரியைப் படியெடுப்பான். அது பிழைபட்டால் காரணம் அறியாது திகைப்பான்.

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிருக்கத் தமிழ் எதற்கு என்பார் உளர். அச்சொற்கள் சிலவே, எண்ணம் முழுவதும் கற்பவனுடையது. 2008-இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிடவும் இடந்தருகிறது. கட்டளைச் சொற்களையே தமிழாக்கி 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை படைத்துள்ளார். வழி உண்டு, நடப்போர்தாம் வேண்டும்.

ஆசிரியர்கள் இச்சிறு நிரலையே முதற் பயிற்சியாக்குக. நிரல் எழுதுமுன் அதன் வேலையைத் தமிழில் ஒரு நூற்பாவாக எழுதச் செய்க. நூற்பாவில் தெளிவிருந்தால் நிரலிலும் தெளிவிருக்கும். தன் மொழியில் எண்ணாதவன் கையிலுள்ளது இரவல் நூல். அதனால் எக்கோணலும் நிமிராது.