நாய்க்கும் வேண்டும் குடும்பக் கட்டுப்பாடு!
பனகல் பார்க் பக்கம் ராத்திரி கடை சாத்திவிட்டு நடப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் தெரு யாருடைய ராஜ்யம் என்று!

சென்னையில் 2018-ல் சுமார் 57 ஆயிரம் தெருநாய்கள். 2024 கணக்கெடுப்பில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல்!

முன்பு நாய் வண்டி வரும். பிடிப்பார்கள், கொல்வார்கள். ஆனாலும் எண்ணிக்கை குறையவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். பிறகுதான் கருத்தடை ஆபரேஷன் தொடங்கியது. 2001-ல் மத்திய சர்க்கார் விதியே போட்டது.

தெருநாய்க்குச் சரி. வீட்டு நாய்க்கு?

பெட்டை நாய் பொதுவாக வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சுமார் 63 நாளில் குட்டி. அஞ்சாறு குட்டியை யார் வளர்ப்பது? கோணிப்பையில் கட்டி மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிடுகிற புண்ணியவான்களும் உண்டு. அப்புறம், "கார்ப்பரேஷன் என்ன பண்ணுது?" என்று கேள்வி வேறு!

ஆபரேஷன் பாவமாம். கருப்பையில் சீழ் பிடித்து நாய் சாவது மட்டும் புண்ணியமா? ஆபரேஷன் ஆன பெட்டைக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டியும் அபூர்வம். ஆண் நாய்க்கு விதைப் புற்று வராது. கேட்டைத் திறந்ததும் ஓடுவதும் குறையும். உடம்பு கொஞ்சம் பெருக்கும், சோற்றைக் குறைக்கணும். பெரிய ஜாதி நாய்க்கு எந்த வயதில் என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

வளர்ப்பு நாய்க்கு லைசென்சும் மைக்ரோ சிப்பும் கட்டாயம் என்று 2025-ல் மாநகராட்சி அறிவித்தது. தெருவில் விட்ட நாய் யாருடையது என்று சிப் காட்டிக்கொடுக்கும்.

கோணிப்பைக் குட்டிக்கு ஏது சிப்?